ஒதுக்கீடு வேறு, செலவு வேறு

(சமுதாய இளைஞர்களுக்காக நடந்த ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட் வாசிக்கப்படுகிறது. மறுநாள் காலை நாளேட்டைப் பிரித்ததும் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்? எது விலை ஏறும், எது விலை இறங்கும் என்ற கட்டம் கட்டிய செய்தியை. அடுத்து வருமான வரி வரம்பை. அதற்கடுத்து நம்மவர்கள் தேடுவது, சிறுபான்மையினர் நலத்துறைக்கு எத்தனை கோடி என்ற ஒற்றை வரியை. தொகை கூடியிருந்தால் ஆளுங்கட்சியில் இருக்கும் நம் சகோதரர்கள் நன்றி அறிவித்துச் சுவரொட்டி ஒட்டுவார்கள். குறைந்திருந்தால் நாம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவோம். நான்காம் நாள் இரு தரப்பும் மறந்துவிடும். அந்தக் கோடிகள் ஏப்ரலில் புறப்பட்டு மார்ச்சுக்குள் எங்கே போய்ச் சேர்ந்தன, போய்ச் சேர்ந்தனவா என்று திரும்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

இந்தப் பழக்கத்தை உடைக்கத்தான் இன்றைய தலைப்பு. அரசுகள் பட்ஜெட்டை எப்படித் திட்டமிடுகின்றன, எப்படி நம் முன் வைக்கின்றன, அதில் எது சீரடைந்திருக்கிறது, எதை இன்னும் கேட்டு வாங்க வேண்டும் என்பதை ஒரு சில கணக்குகளோடு பார்ப்போம். கணக்கு என்றதும் கொட்டாவி விடாதீர்கள். நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

ஒரே துறைக்கு மூன்று தொகை

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். மத்திய சிறுபான்மையினர் நலத்துறைக்கான ஒதுக்கீடு 38 விழுக்காடு வெட்டப்பட்டது என்று எல்லா ஏடுகளும் எழுதின. 2022-23க்கு 5,020.50 கோடி ரூபாய். 2023-24க்கு 3,097.60 கோடி. கழித்துப் பாருங்கள், 38 விழுக்காடு சரிதான்.

ஆனால் அதே பட்ஜெட் புத்தகத்தின் அதே பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தொகையும் இருந்தது. 2022-23க்கான திருத்திய மதிப்பீடு: 2,612.66 கோடி. அதாவது, 2022 பிப்ரவரியில் 5,020 கோடி தருவதாக அவையில் அறிவித்த அரசு, அடுத்த பிப்ரவரிக்குள் அதைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது. அந்தத் திருத்திய தொகையோடு ஒப்பிட்டால், 2023-24க்கான 3,097 கோடி ஏறத்தாழ 485 கோடி அதிகம்! எதிர்க்கட்சி உறுப்பினர் 'வெட்டு' என்று பேசலாம். அமைச்சர் எழுந்து 'உயர்வு' என்று பதில் சொல்லலாம். இருவரும் புத்தகத்தில் உள்ள எண்ணைத்தான் சொல்கிறார்கள். இருவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

இருவரும் சொல்லாமல் விட்டது எதை? வெட்டு ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்பதை. அது பட்ஜெட் நாளில் நடக்கவில்லை. ஆண்டின் நடுவே, யார் கண்ணிலும் படாமல் நடந்தது.

பட்ஜெட் புத்தகத்தை வாசிக்க இதுதான் அரிச்சுவடி. ஒவ்வொரு துறைக்கும், ஒவ்வொரு திட்டத்துக்கும் நான்கு பத்திகள் இருக்கும். முதல் பத்தி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மெய்யாகவே செலவானது. இரண்டாவது, நடப்பு ஆண்டுக்குச் சென்ற பிப்ரவரியில் சொன்ன மதிப்பீடு. மூன்றாவது, அந்த மதிப்பீட்டின் திருத்திய வடிவம். நான்காவது, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. நாளேடுகள் நான்காவதை இரண்டாவதோடு ஒப்பிட்டுச் செய்தி போடுகின்றன. நீங்கள் முதல் பத்தியிலிருந்து தொடங்குங்கள். செலவானது எவ்வளவு என்று சொல்வது அது ஒன்றுதான். அதிலும் ஒரு தொல்லை உண்டு. 2022-23இல் உண்மையில் செலவான தொகை 2024இல் வந்த புத்தகத்தில்தான் அந்த முதல் பத்திக்கு வரும். அதற்குள் ஊடகங்களுக்கு அது பழங்கதை.

நம் மஹல்லாக்களில் ஜமாஅத் கணக்கை எப்படி வாசிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசல் செயலாளர் எழுந்து "வரும் ஆண்டில் வெள்ளையடிக்க இவ்வளவு செலவிடுவோம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் முன் வரிசையிலிருக்கும் பெரியவர் விடுவாரா? "அது இருக்கட்டும், போன வருஷம் வசூலித்ததில் என்ன செய்தீர்கள்? பில் எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார். மஹல்லாவில் நமக்கு இயல்பாக வரும் அந்தக் கேள்வி, நாட்டின் கணக்கில் மட்டும் ஏன் வருவதில்லை?

உதவித்தொகை குறைந்த விதம்

இனி அந்தத் துறைக்குள் இறங்கிப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர்களின் உதவித்தொகைக்கு 2022-23 பட்ஜெட்டில் 1,425 கோடி ஒதுக்கப்பட்டது. 2023-24இல் அது 433 கோடி. தொழிற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி படிப்போருக்கான தகுதி மற்றும் வருவாய் அடிப்படையிலான உதவித்தொகை 365 கோடியிலிருந்து 44 கோடிக்கு இறங்கியது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கான உதவித்தொகை 515 கோடியிலிருந்து 1,065 கோடியாக உயர்ந்தது. நமக்குச் சாதகமாக இருப்பதை மட்டும் எடுத்துப் பேசினால் நம் பேச்சை அடுத்த முறை யாரும் கேட்க மாட்டார்கள்.

1,425 கோடி 433 கோடியானது எப்படி? ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உதவித்தொகை இனி இல்லை, ஒன்பதும் பத்தும் மட்டுமே என்று 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரசு முடிவெடுத்தது. எட்டாம் வகுப்பு வரை கட்டாயக் கல்விச் சட்டப்படி இலவசக் கல்வி இருக்கிறதே என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணம் சரியா தவறா என்பது தனி விவாதம். என்னைக் கேட்டால் சரியில்லை. கட்டணம் இல்லாத பள்ளிக்கும் நோட்டு, சீருடை, பேருந்துச் செலவு உண்டு. ஆனால் இன்றைய கேள்வி அதுவல்ல. அந்த முடிவு எந்த வழியில் வந்தது என்பதே கேள்வி.

பிப்ரவரியில் பட்ஜெட் வாசித்தபோது தொகை 1,425 கோடியாகவே நின்றது. நாடாளுமன்றம் அந்தத் தொகைக்குத்தான் ஒப்புதல் அளித்தது. பெற்றோர்கள் வருமானச் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்று, கணினி மையங்களில் காத்துக் கிடந்து விண்ணப்பம் போட்டார்கள். பின்னர் ஓர் அறிவிப்பு வந்தது. பல லட்சம் குடும்பங்களைத் தொடும் ஒரு முடிவு பட்ஜெட்டில் விவாதிக்கப்படாமல், ஆண்டின் நடுவே அறிவிப்புப் பலகை வழியாக வந்தது. திட்டமிடுதலில் உள்ள கோளாறு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு திட்டத்தைச் சுருக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சுருக்கப் போகிறோம் என்பதை ஒதுக்கீடு கேட்கும்போதே அவையில் சொல்லியிருக்க வேண்டும்.

மாறியவை சில

எதுவும் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன். நம் அரசியல் சட்டத்தில் 'பட்ஜெட்' என்ற சொல்லே கிடையாது. 112ஆம் பிரிவு மத்திய அரசுக்கும் 202ஆம் பிரிவு மாநில அரசுக்கும் 'ஆண்டு நிதிநிலை அறிக்கை' என்றுதான் பேசுகின்றன. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். அன்று தொடங்கி நெடுங்காலம் மாலை 5 மணிக்குத்தான் பட்ஜெட் வாசித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் அது. 1999இல்தான் யஷ்வந்த் சின்கா அதைக் காலை 11 மணிக்கு மாற்றினார். சுதந்திரம் வந்து 52 ஆண்டுகள் கழித்துக் கடிகாரமும் சுதந்திரம் பெற்றது!

2017இல் வந்த மாற்றங்கள் இன்னும் கனமானவை. பிப்ரவரிக் கடைசியில் வந்துகொண்டிருந்த பட்ஜெட் பிப்ரவரி 1க்கு முன் நகர்ந்தது. 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு இணைந்தது. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பிரிவினை ஒழிந்தது. முதலாவது மாற்றத்தின் பயன் எளிது. முன்பெல்லாம் மார்ச் மாதத்தில் தற்காலிகமாகச் சில மாதச் செலவுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டை மே மாதத்தில் நிறைவேற்றுவார்கள். துறைகளின் கைக்குப் பணம் வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். சாலை, கட்டட வேலைகள் நின்றுவிடும். பிறகு ஆண்டுக் கடைசியில் அவசர அவசரமாகச் செலவு. மார்ச் 31 இரவில் கருவூல அலுவலக வராந்தாவைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசி மூன்று மாதங்களில் 33 விழுக்காட்டுக்கு மேலும் மார்ச்சில் மட்டும் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவிடக் கூடாது என்று நிதி அமைச்சகமே வரம்பு போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இப்போது ஏப்ரல் 1 அன்றே ஒப்புதல் கையில் இருக்கிறது. நல்ல சீர்திருத்தம்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. பட்ஜெட்டை ஒரு மாதம் முன்னே தள்ளினால், நடப்பு ஆண்டின் வரவு எவ்வளவு என்ற கணிப்பையும் ஒரு மாதம் முன்னதாகவே செய்தாக வேண்டும். கையில் இருக்கும் கணக்கோ ஆண்டின் முதல் எட்டு, ஒன்பது மாதங்களுடையது. மீதியை ஊகிக்க வேண்டும். ஊகம் பிழைத்தால்?

2019 ஜூலையின் பாடம்

பிழைத்தது. 2018-19ஆம் ஆண்டில் மத்திய அரசுக்கு நிகர வரி வருவாய் 14 லட்சத்து 84 ஆயிரம் கோடி வரும் என்று 2019 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டின் திருத்திய மதிப்பீடு சொன்னது. உண்மையில் வந்தது 13 லட்சத்து 17 ஆயிரம் கோடி. வித்தியாசம் 1 லட்சத்து 67 ஆயிரம் கோடி ரூபாய்! இந்தக் குறைவு மே மாதக் கடைசியிலேயே கணக்குத் துறையின் தற்காலிகக் கணக்கில் வெளிவந்துவிட்டது. தேர்தலுக்குப் பிறகு ஜூலை 5 அன்று முழு பட்ஜெட் வந்தது. அதில் எந்த எண் இருந்திருக்க வேண்டும்? புதிய எண். இருந்ததோ பிப்ரவரியின் பழைய எண். அதற்கு முந்தின நாள், ஜூலை 4 அன்று, அதே நிதி அமைச்சகம் வெளியிட்ட பொருளாதார ஆய்வறிக்கையில் சரியான எண் இருந்தது! ஒரே அமைச்சகம், ஒரு நாள் இடைவெளி, இரண்டு கணக்கு.

பழைய எண்ணையே அடித்தளமாக வைத்து 2019-20இன் வரவையும் கணித்தார்கள். அடித்தளமே இல்லாத இடத்தில் மாடி கட்டினால் என்ன ஆகும்? எதிர்பார்த்த வரவு வராது. வராதபோது செலவை வெட்ட வேண்டும். சம்பளத்தை வெட்ட முடியாது, வட்டியை வெட்ட முடியாது, ஓய்வூதியத்தை வெட்ட முடியாது. எளிதில் வெட்டக் கூடியவை நலத்திட்டங்களும் உதவித்தொகைகளும் மாநிலங்களுக்குப் போகும் பணமும்தான். ஆகவே, சகோதரர்களே, வருவாயை ஊதிப் பெருக்கிக் காட்டுவது வெறும் புள்ளிவிவரக் குற்றம் அல்ல. அதன் சுமை கடைசியில் ஏழையின் தலையில்தான் இறங்குகிறது.

அந்த ஜூலையில்தான் தோல் பெட்டிக்குப் பதிலாகச் சிவப்புத் துணி சுற்றிய கணக்குப் புத்தகத்தோடு நிதி அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2021இல் அதுவும் போய்க் கையடக்கக் கணினி வந்தது. படம் எடுத்தவர்களுக்கு நல்ல படம் கிடைத்தது.

ரேஷன் அரிசியின் மறைந்த கடன்

ரேஷன் கடையில் நமக்குக் கிடைக்கும் அரிசிக்கும் கோதுமைக்குமான மானியத்தை மத்திய அரசு இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டும். பல ஆண்டுகள் முழுத் தொகையையும் தராமல், 'தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்' என்று கழகத்திடம் சொல்லிவிட்டார்கள். கடன் கழகத்தின் பேரில் இருந்ததால் அரசின் பற்றாக்குறைக் கணக்கில் அது ஏறவில்லை. கட்ட வேண்டியது யார்? அரசுதான். சேமித்தது யார்? அஞ்சலகத்தில் பணம் போட்ட நீங்களும் நானும்தான். இப்படிப் பட்ஜெட்டுக்கு வெளியே கடனைத் தள்ளி வைப்பதை இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் தலைவர் அறிக்கை எழுதிக் கண்டித்தார். அதற்குப் பிறகு பட்ஜெட் ஆவணங்களில் இத்தகைய கடன்களுக்கு ஒரு தனிப் பட்டியல் சேர்ந்தது.

2021 பிப்ரவரியில் அரசு இந்தக் கடனைத் தன் கணக்குக்குள் கொண்டு வந்து அடைக்கத் தொடங்கியது. அப்போதுதான் உண்மையான அளவு தெரிந்தது. 2020-21க்கு உணவு மானியம் என்று முதலில் எழுதியிருந்தது 1,15,570 கோடி. திருத்திய மதிப்பீட்டில் அது 4,22,618 கோடி! கொரோனா காலத்தில் கொடுத்த இலவச அரிசியும் அதில் ஒரு பங்கு. மீதி, ஆண்டுக்கணக்காகப் பாய்க்கு அடியில் தள்ளி வைத்திருந்த பாக்கி. சங்கடமான எண்ணை வெளியே எடுத்து வைத்ததற்காக அரசைப் பாராட்ட வேண்டும், அத்தனை ஆண்டுகள் மறைத்ததற்காகக் கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யலாம்.

செஸ் என்னும் மேல்வரியின் கதையும் இதற்கு உறவுதான். 'இது கல்விக்கு, இது சாலைக்கு' என்று பேர் சொல்லி வாங்கும் வரி அது. வருமான வரி, சுங்க வரி போன்றவற்றில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 15ஆவது நிதிக் குழு அதை 41 விழுக்காடு என்று வகுத்தது. செஸ்ஸில் மாநிலங்களுக்கு அந்தப் பங்கு கிடையாது. 2018-19இல் 35 வகை செஸ்களில் 2,74,592 கோடி வசூலாகி, அதற்குரிய நிதிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1,64,322 கோடி மட்டுமே என்று தணிக்கைத் தலைவர் எழுதினார். மீதி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கோடி அரசின் பொதுவான தொகுப்பு நிதியிலேயே தங்கிவிட்டது. பள்ளிவாசல் மராமத்துக்கு என்று ரசீது போட்டு வசூலித்துவிட்டு, அதைப் பொதுச் செலவுக் கணக்கிலேயே வைத்துக்கொண்டால் ஜமாஅத் சும்மா இருக்குமா?

விவாதமே இல்லாத ஒப்புதல்

இவற்றையெல்லாம் தட்டிக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் எடுத்து விவாதித்து வாக்களிக்க வேண்டும் என்பது விதி. நேரம் போதாவிட்டால் மீதமுள்ள எல்லாவற்றையும் ஒரே வெட்டில் நிறைவேற்றிவிடலாம். அதற்குக் 'கில்லட்டின்' என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய கருவியின் பெயர்! 2018 மார்ச்சில் ஒரு துறையின் கோரிக்கைகூட மக்களவையில் விவாதிக்கப்படவில்லை. எல்லாமே கில்லட்டின். 2023 மார்ச்சிலும் அப்படியே. அவையில் அமளி, ஆகவே விவாதமில்லை என்று காரணம் சொல்வார்கள். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியைக் குறை சொல்லும். எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் குறை சொல்லும். நாம் முன்பு பார்த்த அந்த 38 விழுக்காட்டு வெட்டு நிறைவேறியது அந்த 2023 மார்ச்சில்தான். ஒரு வார்த்தை விவாதமின்றி!

1993இல் துறைவாரியான நிலைக்குழுக்கள் வந்தது ஓரளவு ஆறுதல். அங்கே கட்சி கடந்து உறுப்பினர்கள் அதிகாரிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். சிறுபான்மையினர் நலத்துறையின் ஒதுக்கீடு ஏன் செலவாகவில்லை என்ற கேள்வியும் அங்கே எழுந்திருக்கிறது. அந்த அறிக்கைகள் அச்சாகின்றன. நம் கட்சிகளும் அமைப்புகளும் அவற்றை எடுத்து வாசிப்பதில்லை என்பது என் மனத்தாங்கல்.

இன்னும் ஒரு குறை. பெண்களுக்கான செலவு எவ்வளவு என்று 2005-06 முதல் பட்ஜெட்டோடு தனிப் பட்டியல் வருகிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், குழந்தைகள், வடகிழக்கு மாநிலங்கள் எனத் தனித்தனிப் பட்டியல்கள் உண்டு. சிறுபான்மையினருக்கு அப்படிப் பட்டியல் இல்லை. 2006இல் அறிவித்த பிரதமரின் புதிய 15 அம்சத் திட்டம், இயன்ற இடங்களிலெல்லாம் திட்ட இலக்கிலும் நிதியிலும் 15 விழுக்காடு சிறுபான்மையினருக்கு என்றது. சச்சார் குழுவின் அறிக்கையும் அதே ஆண்டில்தான் வந்தது. அந்த 15 விழுக்காடு வீடு கட்டும் திட்டத்தில் எவ்வளவு வந்தது, வங்கிக் கடனில் எவ்வளவு வந்தது என்று பட்ஜெட் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் சொன்னால் என்ன? பட்டியல் போட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். பெண்களுக்கான பட்டியலில் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தின் மொத்தத் தொகையையும் பெண்களுக்கே என்று எழுதிப் பட்டியலை நீளமாக்கினார்கள். அந்த வீட்டில் கணவனும் பிள்ளைகளும் குடியிருக்கத்தானே செய்கிறார்கள்! பட்டியல் வேண்டும், பட்டியலைச் சரிபார்க்க ஆளும் வேண்டும்.

தேர்தலுக்கு முன்னா, பின்னா?

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராசன் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது அறிக்கை. அதற்கு இருபது ஆண்டு முன்பு, 2001இல், அன்று புதிதாக வந்த அ.தி.மு.க. அரசும் ஒரு வெள்ளை அறிக்கை போட்டது. இரண்டிலும் பொதுவானது எது தெரியுமா? தேர்தல் முடிந்த பிறகு, வென்றவர், தோற்றவரைப் பற்றி எழுதியது. விவரம் பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் வாக்குப் போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்?

நியூசிலாந்தில் 1994இல் ஒரு சட்டம் போட்டார்கள். பொதுத் தேர்தலுக்கு முன்பாக அரசின் நிதி நிலைமையைப் புதுப்பித்து வெளியிட்டாக வேண்டும். எந்தக் கட்சி என்ன வாக்குறுதி தந்தாலும், கஜானாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே மக்கள் வாக்களிப்பார்கள். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் எந்தக் கட்சிக்கும் பிடிக்காது. அதனாலேயே அது நல்ல ஏற்பாடாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது! அதேபோல, வருவாய்க் கணிப்பை அரசே செய்யாமல், சுதந்திரமான ஒரு நிதி மன்றம் சரிபார்க்க வேண்டும் என்று 2017இல் என்.கே. சிங் குழு பரிந்துரைத்தது. அடுத்தடுத்த நிதிக் குழுக்களும் இதே கருத்தைச் சொல்லியிருக்கின்றன. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கிறது. அந்த மன்றம் இருந்திருந்தால் 2019 ஜூலையில் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பட்ஜெட் வாசிக்க முடிந்திருக்குமா?

நீங்கள் செய்யக் கூடியது

'இவ்வளவும் டெல்லி விவகாரம், நான் கீழக்கரையில் உட்கார்ந்து என்ன செய்வது?' என்று நீங்கள் கேட்கலாம். செய்ய நிறைய இருக்கிறது.

தமிழக சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையோடும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வைக்கப்படுகிறது. தமிழிலேயே இருக்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையின் குறிப்பை அமைப்பின் ஒவ்வொரு மாவட்டக் கிளையும் ஆண்டுதோறும் எடுத்து வைக்க வேண்டும். சென்ற ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். சென்ற ஆண்டு 'செய்யப்படும்' என்று இருந்த வாக்கியம் இந்த ஆண்டு 'செய்யப்பட்டது' என்று மாறியிருக்கிறதா, அல்லது மீண்டும் 'செய்யப்படும்' என்றே நிற்கிறதா, அல்லது சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறதா? இதைப் பார்க்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்தால் போதும்.

ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுவது வழக்கம். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே வைக்கப்பட வேண்டும். நம் பெண்கள் அங்கே போவது மிகக் குறைவு. குடிநீர்க் குழாயைப் பற்றி அவர்களை விட நன்றாகப் பேசக் கூடியவர் யார்?

தகவல் உரிமைச் சட்டம் நாட்டுக்கு 2005இல் வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997இல், தனக்கென ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு ஒதுக்கப்பட்ட நிதி எவ்வளவு, திட்டமிட்ட செலவு எவ்வளவு, வழங்கிய தொகை எவ்வளவு என்பதை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடாவிட்டால் 6ஆம் பிரிவின் கீழ் மனுப் போடுங்கள். மனுவில் அரசைத் திட்ட வேண்டாம். 'எங்கள் மாவட்டத்தில் சிறுபான்மை மாணவர் உதவித்தொகைக்குச் சென்ற மூன்று ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை, தள்ளுபடியானவை எத்தனை, தள்ளுபடிக்கான காரணம் என்ன, வங்கிக் கணக்கில் சேர்ந்த தொகை எவ்வளவு, சேர்ந்த தேதி எது' என்று கேளுங்கள். தேதியைக் கேட்க மறக்காதீர்கள். ஜூனில் கட்டணம் கட்ட வேண்டிய மாணவனுக்கு மார்ச்சில் வரும் பணம், கடன் வாங்கிக் கட்டிய தகப்பனின் வட்டியைக்கூட அடைக்காது.

சாதாரண வெள்ளைத் தாள் போதும். 10 ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இந்தப் பயிலரங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு மனுவை உணவு இடைவேளைக்குள் எழுதி முடித்தால், மாதிரியைச் சரிபார்த்துத் தர நான் மாலை வரை இங்கேதான் இருப்பேன். பேனா இல்லாதவர்கள் முன்வரிசையில் வாங்கிக்கொள்ளுங்கள்.